இடிக்க மறுத்த வெள்ளைக்காரர்: பேட்ரிக் கெடிஸ் வாழ்க்கை

எமகாதகனாக இருப்பவனை எம்டன் என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். முதல் உலகப்போர் தொடங்கிய 1914-ம் ஆண்டு, செப்டம்பர் 22-ந்தேதி இரவு, அது சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிவிட்டு மாயமாய் மறைந்தது. எண்ணெய் டாங்கிகள் பற்றி எரிந்தன. பயந்துபோன மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைக் காலி செய்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை ஒன்று உண்டு. அதே எம்டன், அடுத்த மாதம் நடுக்கடலில் "கிளான் கிராண்ட்" என்ற ஆங்கிலேயக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த சரக்குகளில் பல பெட்டிகள் நிறைய வரைபடங்களும் படங்களும் இருந்தன. உலகத்தின் பெரிய ஊர்கள் எப்படிப் பிறந்தன, எப்படி வளர்ந்தன, எப்படிக் கெட்டன என்று காட்டும் கண்காட்சிப் பொருள்கள் அவை. ஒரு மனிதர் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்தவை. எல்லாம் கடலுக்கு அடியில் போய்விட்டன.

அந்த மனிதரின் பெயர் பேட்ரிக் கெடிஸ். அப்போது அவருக்கு வயது 60. அந்த வயதில் இப்படி ஒரு அடி விழுந்தால் மற்றவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். அவர் திரும்பவில்லை. நண்பர்களுக்கு எழுதி மீண்டும் படங்களைத் திரட்டினார். 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார். அதன்பிறகு சுமார் 10 ஆண்டுகள் இந்தியாவிலேயே சுற்றினார். நம் தஞ்சாவூர்த் தெருக்களிலும் மதுரைச் சந்துகளிலும் கால்நடையாக நடந்தார். கடைசியில் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், வெள்ளைக்கார அதிகாரிகள் கறுப்பர்களின் வீடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், இடிப்பது தவறு என்று சொன்ன வெள்ளைக்காரர் அவர்.

குமாஸ்தா வேலை

ஸ்காட்லாந்து நாட்டில் பாலட்டர் என்ற சிற்றூரில் 1854-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி கெடிஸ் பிறந்தார். காந்தியடிகள் பிறந்த அதே தேதி. காந்தியடிகளைவிட சரியாக 15 வயது மூத்தவர்.

தந்தை ராணுவத்தில் பணிபுரிந்தவர். கெடிஸ் கடைசிப் பிள்ளை. குடும்பம் பெர்த் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டைச் சுற்றித் தோட்டம். தந்தையும் மகனும் சேர்ந்து உருளைக்கிழங்கு போடுவார்கள். செடி கொடிகள் மீது சிறுவனுக்கு ஏற்பட்ட ஆசை கடைசிவரை போகவில்லை.

படிப்பு முடிந்ததும் தந்தை அவரை உள்ளூர் வங்கி ஒன்றில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஒன்றரை ஆண்டு கணக்கு எழுதினார். வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் மனம் பேரேட்டில் நிற்கவில்லை. தந்தையிடம் கேட்டு வேலையை விட்டார். (நம்மில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கும்!)

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரே வாரத்தில் பிடிக்காமல் வெளியேறினார். பிறகு லண்டன் சென்று, புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டார். பல ஆண்டுகள் படித்தார். ஆனால் பட்டம் வாங்கவே இல்லை. பட்டம் இல்லாத அந்த மனிதர்தான் பின்னாளில் இரண்டு நாடுகளில் பேராசிரியராக இருந்தார்.

கண் இருண்டது

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டுக்குப் போனார். அங்கே கண் நோய் வந்து பார்வை மங்கியது. டாக்டர்கள் அவரை இருட்டறையில் பல வாரம் அடைத்து வைத்தார்கள். மைக்ராஸ்கோப் வழியாகப் பார்ப்பதுதான் அவருடைய தொழில். கண் போனால் பிழைப்பு போயிற்று. 25 வயது வாலிபருக்கு அது எவ்வளவு பெரிய இடி!

இருட்டில் உட்கார்ந்து ஜன்னல் சட்டங்களை விரலால் தடவிக்கொண்டே யோசித்தார். அந்தக் கட்டங்களைப் போலவே விஷயங்களைக் கட்டம் கட்டிப் பிரித்து, ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்கப் பழகினார். பார்வை திரும்பி வந்தது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்க்கும் வலிமை கண்ணுக்கு இல்லை. பூச்சியையும் பாசியையும் ஆராய்ந்தவர் மனிதர்களின் பக்கம் திரும்பினார். உயிருள்ள ஒரு செடியைப் பார்ப்பதுபோல ஊரைப் பார்க்கத் தொடங்கினார்.

குடியிருப்பைத் தேடிப்போன தம்பதி

எடின்பரோ நகரம் அப்போது இரண்டாகப் பிளந்து கிடந்தது. பணக்காரர்கள் புதுநகரம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய நகரத்தில் ஆறு மாடி, ஏழு மாடிக் கட்டிடங்களில் ஏழைகள் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். மும்பையில் சால்களில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அதே மாடிப்படி, அதே பொதுக் குழாய், அதே சண்டை.

1886-ல் கெடிஸ் அன்னா மார்ட்டன் என்ற பெண்ணை மணந்தார். அன்னா வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இசை அறிந்தவர். திருமணமான சிறிது காலத்தில் கணவரும் மனைவியும் புதுநகர வீட்டை விட்டுவிட்டு, பழைய நகரத்தில் ஜேம்ஸ் கோர்ட் என்ற அழுக்கடைந்த கட்டிடத்தில் குடியேறினார்கள். உறவினர்கள் திகைத்தார்கள்.

அவர்கள் உபதேசம் செய்யவில்லை. தங்கள் வீட்டைத் துடைத்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பிறகு அவர்களும் கைகொடுத்தார்கள். மிகவும் பழுதான ஒன்றிரண்டு கட்டிடங்களை மட்டும் அகற்றி, அந்த இடத்தில் காற்றும் வெளிச்சமும் வரச் செய்தார்கள். மற்றவற்றைப் பழுது பார்த்தார்கள். குடியிருந்தவர்கள் குடியிருந்தபடியே இருந்தார்கள். மாணவர்கள் தங்குவதற்கு விடுதியும் அங்கேயே ஏற்பட்டது. 1892-ல் பழைய கோபுரக் கட்டிடம் ஒன்றை எடுத்து, ஊரைப் பற்றி ஊராருக்குக் காட்டும் காட்சிக்கூடம் ஆக்கினார்.

பிழைப்புக்கு டண்டி நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் வேலை. ஆண்டுக்கு மூன்று மாதம் அங்கே பாடம் நடத்தினால் போதும். மீதி நாளெல்லாம் ஊர்ப் பணி.

வெள்ளையர் பட்டணம், கறுப்பர் பட்டணம்

1914-ல் கெடிசை இந்தியாவுக்கு அழைத்தவர் அப்போதைய சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. இங்கே கெடிஸ் கண்டது எடின்பரோவில் கண்டதைவிடப் பெரிய பிளவு. அங்கே பணம் ஊரைப் பிளந்தது. இங்கே தோலின் நிறமும் சேர்ந்து பிளந்தது.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம். வெளியே கறுப்பர் பட்டணம். வரைபடத்திலேயே அப்படித்தான் பெயர் எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த போரின்போது, கோட்டைக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று பழைய கறுப்பர் பட்டணத்தை ஆங்கிலேயர்கள் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்று ஐகோர்ட்டு நிற்கும் இடம் அதுதான். தள்ளிப்போய் மறுபடி எழுந்த ஊருக்கும் கறுப்பர் பட்டணம் என்றே பெயர். பின்னாளில்தான் ஜார்ஜ் டவுன் என்று மாற்றினார்கள்.

வட இந்திய ஊர்களில் இது கன்டோன்மென்ட், சிவில் லைன்ஸ் என்ற பெயரில் இருந்தது. அகலமான சாலை, மரநிழல், ஆளுக்கு ஏக்கர் கணக்கில் தோட்டத்துடன் பங்களா. இன்னொரு பக்கம் மக்கள் நெருக்கி வாழும் பழைய ஊர். குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் முதலில் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. புதுடெல்லியைக் கட்டியபோதும் இனத்தையும் பதவியையும் பார்த்தே வீடுகளை ஒதுக்கினார்கள்.

தனியாகப் பிரிந்து வாழ்ந்ததோடு விட்டார்களா? இல்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. இந்தியர்களின் வீடும் பழக்கமும்தான் நோய்க்குக் காரணம் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். 1898-ல் நகர மேம்பாட்டுக்கென்று ஒரு டிரஸ்ட் அமைத்தார்கள். நெருக்கமான தெருக்களின் நடுவே கோடு போட்டு அகலச் சாலைகள் வெட்டினார்கள். வீடு இழந்தவர்களுக்கு இடித்த அளவுக்கு வீடு கட்டித் தரவில்லை. அவர்கள் எங்கே போவார்கள்? வேலை இருக்கும் இடத்தை விட்டுப் போக முடியுமா? பக்கத்துத் தெருவில் ஏற்கனவே ஐந்து பேர் இருக்கும் கோலியில் இன்னும் ஐந்து பேராகப் புகுந்தார்கள். வாடகை ஏறியது. நெரிசல் கூடியது. நோயும் கூடவே போயிற்று. மற்ற நகரங்களிலும் இதே வழியைப் பின்பற்றத் தொடங்கினார்கள்.

தஞ்சாவூரில் நடந்தது

இந்த நேரத்தில்தான் கெடிஸ் வந்தார். சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்த்து அறிக்கை தரும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள்.

மற்ற நிபுணர்கள் ஆபீசில் மேஜைமேல் படத்தை விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்கள். கெடிஸ் நடந்தார். வெயிலில் நடந்தார். நாள் முழுவதும் நடந்தார். சந்து சந்தாக, வீடு வீடாகப் பார்த்தார். எந்த வீடு பாழடைந்து கிடக்கிறது, எந்தக் காலிமனையில் குப்பை குவிந்திருக்கிறது, எங்கே கிணறு, எங்கே கோவில், எந்த மரத்தடியில் கிழவர்கள் உட்காருகிறார்கள், குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெருக்கடியைக் குறைக்கப் புதிய நேர்சாலைகள் வெட்ட ஏற்கனவே ஒரு திட்டம் தயாராக இருந்தது. கெடிஸ் அந்தச் சாலைகள் தேவையே இல்லை என்றார். இருக்கிற சந்துகளையே அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். காலிமனைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். குடியிருக்கவே லாயக்கற்ற சில வீடுகளை மட்டும் அகற்றலாம். அந்த இடத்தில் ஒரு மரம் நடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் காற்று வரும். செலவும் பல மடங்கு குறையும். பெரும்பாலான குடும்பங்கள் இடம் பெயரவே வேண்டாம்.

இந்த முறையை அவர் அறுவை வைத்தியத்துக்கு ஒப்பிட்டார். நல்ல வைத்தியன் கெட்ட சதையை மட்டும் எடுத்துவிட்டு உறுப்பைக் காப்பாற்றுவான். விரலில் புண் என்றால் காலை வெட்டமாட்டான். மக்களை வீட்டைவிட்டு விரட்டி ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்பது சுகாதாரத்தின் பெயரால் நடக்கும் மிகப்பெரிய தவறுகளில் ஒன்று என்று அவர் எழுதினார். அதனால் அதிகாரிகள் பலருக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

நம் மக்களுக்கு ஊர் அமைக்கத் தெரியாது என்ற எண்ணத்தையும் அவர் ஏற்கவில்லை. மதுரையைப் பார்த்தார். மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, மாசி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக அமைந்த வீதிகள். தேர் திரும்புவதற்கு ஏற்ற அகலம். இதைவிட வேறு என்ன நகர அமைப்பு வேண்டும்? நம் கோவில் நகரங்களைப் பாராட்டி அவர் தனியே கட்டுரையும் எழுதினார். வட இந்திய வீட்டு முற்றங்களில் துளசி மாடத்தைக் கண்டபோது, மூடநம்பிக்கை என்று மற்ற வெள்ளையர்களைப்போல ஒதுக்கவில்லை. துளசிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும் பெண் தன் வீட்டையும் முற்றத்தையும் பேணுகிறவள். ஊர் அமைப்பு அங்கேதான் தொடங்குகிறது என்று கண்டார்.

குளங்களைப் பார்த்தார். கொசு வருகிறது, மலேரியா வருகிறது என்று அதிகாரிகள் குளங்களை மண்போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். கெடிஸ் மூடவேண்டாம் என்றார். குளத்தைச் சுத்தமாக வைத்து, மீனும் வாத்தும் விட்டால் அவை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்றார். ஏரியையும் குளத்தையும் தூர்த்து வீடு கட்டிவிட்டு, மழைக்காலத்தில் இடுப்பளவு நீரில் நிற்கும் இன்றைய சென்னைவாசிகளுக்கு அந்த யோசனையின் அருமை தெரியும்.

அளவெடுக்க வந்தவர்கள்

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் சின்ன வயதில் நாங்கள் ரெயில் பாதை ஓரத்தில் ஒரு ஜோப்படியில் இருந்தோம். ஒருநாள் அளவெடுப்பதற்கு ஆட்கள் வந்தார்கள். நாடா பிடித்தார்கள். தகரத்தில் பெயிண்டால் ஒரு நம்பர் எழுதினார்கள். ரேஷன் கார்டைப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் எங்கள் வரிசை முடிந்துவிட்டது.

தண்ணீர் எங்கே பிடிக்கிறாய் என்று என் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து பாதையைத் தாண்டிப்போய்க் குடம் சுமந்து வந்தவர் அவர். எங்கே குழாய் போட்டால் எத்தனை வீட்டுக்கு உதவும் என்பது அவருக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது. கெடிஸ் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. அவர் வந்திருந்தால் அம்மாவிடம்தான் முதலில் கேட்டிருப்பார்.

ஒருநாள் மகாராஜா

கெடிஸ் சுமார் 50 இந்திய ஊர்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். லக்னோ, லாகூர், பல்ராம்பூர், கபுர்தலா, நாகபுரி என்று பட்டியல் நீளும். லாகூரில் மசூதிகள், தர்மசாலைகள், சமாதிகள், கடைகள், வீடுகள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறமாதிரி ஒரு திட்டம் இருந்தது. அதை அவர் கடுமையாகக் கண்டித்தார்.

எல்லாவற்றிலும் சுவையானது இந்தூர்க் கதை. அப்போது இந்தூரை ஓல்கர் வம்ச மன்னர் ஆண்டார். ஊரில் பிளேக் பரவியிருந்தது. படமும் கையுமாக ஒரு வெள்ளைக்காரர் தெருத்தெருவாக அலைந்தால் மக்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டை இடிக்க வந்தவர் என்று நினைத்தார்கள். அவரைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

கெடிஸ் மன்னரிடம் போய், தன்னை ஒரே ஒரு நாள் மகாராஜா ஆக்கும்படி கேட்டார். மன்னரும் சம்மதித்தார். தீபாவளி ஊர்வலம் நடத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. வழக்கமான பாதையில் ஊர்வலம் போகாது. எந்தத் தெரு மிகவும் சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும்! குப்பையை எடுத்துப்போக இலவச வண்டியும் விடப்பட்டது.

ஊரே கிளம்பிவிட்டது. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது. வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பொறி வைத்து எலிகளைப் பிடித்தார்கள்.

தீபாவளியன்று யானை, குதிரை, படை எல்லாம் வந்தன. அழுக்கு அரக்கன் பொம்மை வந்தது. பெரிய எலி பொம்மை வந்தது. அவற்றுக்குப் பின்னால் யார் வந்தார்கள் தெரியுமா? ஊரின் துப்புரவுத் தொழிலாளர்கள்! வெள்ளை வெளேரென்ற புத்தாடை உடுத்தி, மாலை அணிந்து, பூச்சுற்றிய துடைப்பத்தைத் தோளில் சாய்த்து வந்தார்கள். தொடக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்த மக்களை, அதே ஊர் தெருவின் இரு பக்கமும் நின்று பார்த்தது. இந்தூர் நகரமே ஒரு தேவியாகத் தேரில் வந்தது. கடைசியில் அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள். அதன்பிறகு கெடிசைக் கண்டு யாரும் கதவைச் சாத்தவில்லை. 1918-ல் இந்தூர் பற்றி அவர் தந்த அறிக்கை இரண்டு பெரிய பாகங்களாக வெளிவந்தது.

இரட்டை இடி

1917-ம் ஆண்டு அவர் வாழ்வில் கொடிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டர் தந்தைக்கு வலது கையாக இருந்தவர். சென்னைக்குக் கண்காட்சி நடத்தவும் உடன் வந்தவர். போருக்குப் போன அவர் ஏப்ரல் மாதம் பிரான்சில் குண்டுபட்டு இறந்தார். செய்தி வந்தபோது அன்னா இந்தியாவில் கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் இறந்ததைச் சொன்னால் தாங்கமாட்டார் என்று கெடிஸ் மறைத்தார். மகனிடமிருந்து முன்பு வந்த கடிதங்களையே புதிதாக வந்ததுபோல் படித்துக் காட்டினார். ஜூன் மாதம் அன்னா இறந்தார். மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பியபடியே கண்ணை மூடினார்.

30 ஆண்டு உடன் நடந்த மனைவியையும், மூத்த மகனையும் இரண்டே மாதத்தில் இழந்தவர், அடுத்த ஊருக்கு ரெயில் ஏறினார். வேலைதான் அவருக்கு மருந்து.

பம்பாய் பேராசிரியர்

1919-ல் பம்பாய் பல்கலைக்கழகம் சமூகவியல், குடிமையியல் துறையைத் தொடங்கி, அவரை அதன் முதல் பேராசிரியராக நியமித்தது. 1924 வரை அங்கே இருந்தார். பின்னாளில் இந்திய சமூகவியலின் தந்தை என்று பெயர் பெற்ற குரியே அவரிடம் படித்தவர். வகுப்பறைச் சுவரெல்லாம் ஊர்களின் படங்கள். பாடப்புத்தகத்தைவிடத் தெருவே பெரிய பாடம் என்பது அவர் கொள்கை. விஞ்ஞானி ஜகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை 1920-ல் எழுதி வெளியிட்டார். தாகூருடனும் அவருக்கு நட்பு இருந்தது.

உடல்நிலை காரணமாக 1924-ல் இந்தியாவைவிட்டுச் சென்று பிரான்சில் மோன்பெலியே நகரில் குடியேறினார். 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். முன்பு ஒருமுறை மறுத்த சர் பட்டத்தை 1932-ல் ஏற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 17-ந்தேதி, 77-வது வயதில் காலமானார்.

குறையும் உண்டு

அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர் வெள்ளை அரசிடமும் மன்னர்களிடமும் சம்பளம் வாங்கியவர். இடிப்பதை எதிர்த்தாரே தவிர, ஆட்சியையே எதிர்த்தவர் அல்ல. பாலஸ்தீனத்தில் யூதக் குடியேற்ற அமைப்புகளுக்காக அவர் வகுத்த திட்டங்களில் அரபு மக்களுக்கு என்ன இடம் என்ற கேள்வியை இன்று ஆராய்ச்சியாளர்கள் எழுப்புகிறார்கள். அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியில் தூங்கின. அவர் இறந்து 15 ஆண்டுகள் கழித்து, 1947-ல், ஜாக்குலின் டிர்விட் என்ற பெண்மணி அவற்றைத் தொகுத்து நூலாக்கிய பிறகுதான் பலருக்கும் அவை தெரிந்தன.

சாதிவாரியாகத் தெருக்கள் பிரிந்து கிடந்ததை அவர் முழுமூச்சாக எதிர்த்தார் என்றும் சொல்ல முடியாது. அந்தக் குறை அவரிடம் மட்டும் இல்லை. கறுப்பர் பட்டணம் என்று வெள்ளைக்காரன் கோடு கிழிப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஊர் என்றும் சேரி என்றும் நாமே கோடு கிழித்து வைத்திருந்தோம். அந்தக் கோட்டிலிருந்து தப்பிக்க ரெயிலேறி மும்பைக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ. இங்கே வந்தபிறகு மதராசி என்ற இன்னொரு கோடு காத்திருந்தது.

இன்றைக்கும் உள்ள கேள்வி

கெடிஸ் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1981-ம் ஆண்டு மழைக்காலத்தில், பம்பாய் நடைபாதைகளில் வசித்தவர்களை அகற்றினார்கள். பஸ்சில் ஏற்றி அவரவர் ஊருக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் சேலத்துக்காரர் ஒருவரும் உண்டு. பஞ்சம் பிழைக்க 1961-ல் பம்பாய் வந்து, கூலி வேலை செய்து, மனைவியுடனும் மூன்று பெண் பிள்ளைகளுடனும் நெடுஞ்சாலை ஓரம் பிளாஸ்டிக் கூரையின்கீழ் வாழ்ந்தவர். சேலத்தில் வேலை இல்லை. குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு அவர் மறுபடி பம்பாய்க்கே வந்தார். இடித்தால் மக்கள் மறைந்துவிடமாட்டார்கள், வேலை உள்ள இடத்துக்கே திரும்பி வருவார்கள் என்று கெடிஸ் சொன்னது இதுதான்.

அந்தச் சேலத்துத் தமிழரும் மனுதாரராக இருந்த வழக்கில் 1985 ஜூலை 10-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்று அதில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. வெற்றியும் தோல்வியும் கலந்த தீர்ப்பு.

இன்றும் குடிசைப் பகுதிகளுக்கு அளவெடுப்பவர்கள் வருகிறார்கள். புதிய கட்டிடத்தின் வண்ணப்படத்தைக் காட்டுகிறார்கள். நல்ல வீடு யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் படத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாம் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். யாருக்கு வீடு, யாருக்கு இல்லை? வேலை செய்யும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம்? கீழே கடை வைத்திருப்பவரும், அப்பளம் போடும் பெண்ணும், தோல் பதனிடும் தொழிலாளியும் பத்தாவது மாடியில் எப்படிப் பிழைப்பார்கள்? எங்கள் பகுதியில் நடந்து பார்த்தீர்களா, எங்களைக் கேட்டீர்களா?

100 ஆண்டுகளுக்கு முன் இதே நகரத்தில் இருந்துகொண்டு, படித்த பிள்ளைகளுக்கு இதைத்தான் கெடிஸ் கற்றுக்கொடுத்தார். வகுப்பில் உட்காராத நமக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.